பீமில் துளை போட்டுவிட்டார்கள்: கலவை வைத்து அடைத்தால் போதுமா?

கேள்வி: எங்கள் வீட்டின் தரைத்தளத்தில் 230 × 450 மி.மீ. அளவுள்ள பீமில், தூணிலிருந்து ஓரடி தள்ளி, கழிவுநீர்க் குழாய்க்காக 125 மி.மீ. துளை போட்டுவிட்டார்கள். இரண்டு ரிங் கம்பிகள் அறுந்திருக்கின்றன. துளையின் ஓரத்திலிருந்து மெல்லிய சாய்வு விரிசல் ஒன்றும் தெரிகிறது. கலவை வைத்து அடைத்துவிடலாமா?

பதில்: அடைப்பதால் மட்டும் பயனில்லை. துளையின் இருபுறமும் பீமுக்கு அடியில் இரும்பு ஜாக்கி முட்டுகளை, கீழே பலகை வைத்து, இன்றே இறுக்கமாக நிறுத்துங்கள், மற்றவை பிறகு.

இதே துளை பீமின் நீளவாக்கில் நடுப்பகுதியில், உயரத்தின் மையத்தில் விழுந்திருந்தால் நான் இவ்வளவு கவலைப்பட மாட்டேன். தூணை ஒட்டிய பகுதியில்தான் வெட்டுவிசை (பீமைக் குறுக்கே அறுக்கப் பார்க்கும் விசை) மிகுதி. அந்த விசையால் சாய்வாக உண்டாகும் விரிசலைக் குறுக்கே பிடித்து நிறுத்துபவை, நீளவாக்குக் கம்பிகளைச் சுற்றி வளைத்துக் கட்டிய ரிங் கம்பிகளே. 8 மி.மீ. ரிங் ஒன்றின் இரு கால்களும் சேர்ந்து, 415 தரக் கம்பிக்குரிய கணக்குப்படி, ஏறத்தாழ 36 கிலோநியூட்டன், அதாவது மூன்றரை டன்னுக்குச் சற்று மேல், தாங்கும். அதைவிட வலிமையான 500 தரக் கம்பியாக இருந்தாலும், கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதியான ஐஎஸ் 456 இந்தக் கணக்கில் 415-க்கு மேல் எடுக்க விடுவதில்லை. தூணருகே ரிங்குகள் 100 மி.மீ. இடைவெளியில் இருந்தால், 45 பாகைச் சாய்வில் செல்லும் விரிசல் நான்கு ரிங்குகளைக் கடக்கும். அவற்றில் இரண்டு போனால் கம்பிகளின் பங்கில் பாதி, அதாவது ஏழு டன்னுக்கு மேற்பட்ட தாங்குதிறன், போய்விடுகிறது. கலவை இந்த இழுவிசையை ஏற்காது.

எனவே, மேலிருந்து கீழாக இழுவிசையை ஏற்கும் புதிய வழி ஒன்று துளையின் இருபுறமும் தேவை. கார்பன் இழைத் துணியை பீமின் அடியிலும் இருபக்கங்களிலும் சுற்றி எபாக்சி என்ற பிசினால் ஒட்டுவது பலரும் சொல்லும் முறை. ஆனால் மேலே தளம் குறுக்கிடுவதால் முழுச் சுற்று சுற்ற முடியாது. தளத்தின் அடியில் முடியும் ஓரம், துணி தன் முழு வலிமையைக் காட்டும் முன்பே உரிந்துவிடக்கூடும். அந்த ஓரத்தை நங்கூரமிட்டுப் பிடிக்காமல், பீமின் கீழ் முனைகளைக் குறைந்தது 13 மி.மீ. ஆரத்துக்கு உருட்டாமல் ஒட்டினால் அது வீண் செலவு. வெப்பத்தில் எபாக்சி இளகும் என்பதால் தீப்பாதுகாப்பும் வேண்டும்.

உங்கள் பீமுக்கு நான் பரிந்துரைப்பது, துளைக்கு நேராக அதே அளவில் ஓட்டை வெட்டிய இரும்புத் தகடுகளை இருபக்கமும் வைத்து, துளைக்கு மேலும் கீழும் ஊடுருவும் போல்ட்டுகளால் இறுக்கி, இடைவெளியில் எபாக்சி செலுத்துவதே. போல்ட் துளைகள் மீதமுள்ள கம்பிகளை வெட்டிவிடாதபடி, கம்பி கண்டறியும் கருவியால் முதலில் குறியிட வேண்டும். தகட்டின் தடிமனையும் போல்ட்டின் அளவையும் உங்கள் கட்டமைப்புப் பொறியாளர் கணக்கிட்டுத் தரட்டும். நீளவாக்குக் கம்பி ஏதேனும் அறுபட்டிருக்கிறதா என்பதையும் அவரே பார்க்க வேண்டும், ஏனெனில் அறுந்திருந்தால் இந்தத் தீர்வு போதாது.

குழாயை வேறு வழியில் திருப்ப முடிந்தால் துளையைச் சுருங்காத கிரவுட்டால் (காயும்போது சுருங்காத நிரப்புக் கலவை) நிரப்புங்கள். அப்போதும் தகடு தேவை. முட்டால் பாரத்தைக் குறைத்த நிலையில் விரிசலுக்குள் எபாக்சி செலுத்தி, பிறகு தகடு பொருத்தி, எபாக்சி முழுமையாக இறுகிய பின்னரே ஜாக்கிகளைத் தளர்த்த வேண்டும். பாரம் முழுவதும் இருக்கும்போது தகடு பொருத்தினால், ஏற்கெனவே உள்ள சுமையில் அது பங்கேற்காது.