வாசகர் கேள்வி–பதில்: ஆப்பிரிக்கக் காடுகளில் எப்போது, எப்படி?

கேள்வி: ஆப்பிரிக்காவின் தென்பகுதிக் காடுகளைக் குடும்பத்துடன் பார்க்க விரும்புகிறோம். மழைக்காலத்தில் எங்கும் பசுமையாக இருக்கும் என்பதால் டிசம்பர் மாதத்தில் செல்லலாமா?

பதில்: பசுமையாக இருக்கும் என்பது உண்மைதான், விலங்குகள் கண்ணில் படாமல் போவதற்கும் அந்தப் பசுமையே காரணமாகிவிடும். அங்கே ஏறத்தாழ நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். புல் உயர்ந்து, புதர்கள் தழைத்து, பள்ளம் கண்ட இடமெல்லாம் நீர் தேங்கிவிடுவதால், எந்த விலங்கும் குறிப்பிட்ட ஓர் இடத்துக்கு வந்துதான் தாகம் தீர்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மே முதல் அக்டோபர் வரையிலான வறண்ட காலத்தில் நிலைமை தலைகீழாகிறது. குட்டைகள் ஒவ்வொன்றாக வற்ற வற்ற, எஞ்சிய நீர்நிலைகளை நோக்கி யானைக் கூட்டங்களும் வரிக்குதிரைகளும், அவற்றின் பின்னால் சிங்கங்களும் வந்து சேர்கின்றன. ஆகவே ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களையே பரிந்துரைப்பேன். பறவைகளிலும், புதிதாகப் பிறந்த இம்பாலா மான்குட்டிகளிலும் ஆர்வம் உள்ளவர்களுக்கு மட்டும் டிசம்பர் ஏமாற்றம் தராது.

வறட்சியின் பயனை நேரில் காண நமீபியாவின் எட்டோஷா தேசியப் பூங்காவைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது. சுமார் 22,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தப் பூங்காவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வெறும் உப்புப் படுகை. அங்குள்ள ஒகாகுவேயோ முகாமை ஒட்டிய நீர்க்குட்டைக்கு இரவிலும் விளக்கு எரிவதால், தாழ்வான சுவருக்கு இப்பால் அமர்ந்தபடியே கருங்காண்டாமிருகம் நீர் அருந்துவதைப் பார்க்கலாம். ஒட்டகச்சிவிங்கி நீர் அருந்துவதையும் அங்கே பொறுமையாகக் கவனியுங்கள்: நாற்புறமும் நெடுநேரம் பார்த்துவிட்டு, முன்கால்களை அகல விரித்துப் பாதி குனியும்; ஏதோ ஒரு சிறு ஓசை கேட்டதும் சட்டென்று நிமிர்ந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். காரில் ஓடிக்கொண்டே இருப்பவர்களுக்கு இது வாய்க்காது.

இந்தக் கணக்குக்குச் சற்று மாறுபட்டது போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ டெல்டா, அதாவது ஆறு பல கிளைகளாகப் பிரிந்து பரவும் சதுப்புநிலம். அங்கோலாவின் மேட்டுநிலங்களில் பெய்த மழை மாதக்கணக்கில் நகர்ந்து, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, அதாவது சுற்றுப்புறமெல்லாம் காய்ந்து கிடக்கும் நேரத்தில், அங்கே வெள்ளமாகப் பரவுகிறது. கடலைச் சேராமல் கலகாரி மணல்வெளியிலேயே அடங்கியும் விடுகிறது. 2014ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 1000ஆவது இடமாகச் சேர்க்கப்பட்டது இதுவே.

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் நாமே கார் ஓட்டிச் செல்லலாம் என்கிறார்களே, அது பாதுகாப்பானதா?

பதில்: விதிகளுக்கு உட்பட்டு நடந்தால் பாதுகாப்பானதே. 1926இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட க்ரூகரில் தார்ச்சாலைகள் உண்டு. சாதாரணக் காரே போதும். தார்ச்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர், மண்சாலையில் 40 கிலோமீட்டர் என்பது உச்ச வேகம். அனுமதிக்கப்பட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் காரிலிருந்து இறங்கக் கூடாது. வாயில்கள் மூடும் நேரம் மாதத்துக்கு மாதம் மாறும். தாமதமாக வந்தால் அபராதம் உண்டு என்பதால், திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டே கிளம்புங்கள். சாலையில் யானை நின்றால் வழி அதற்கே உரியது. கண்ணுக்கும் காதுக்கும் இடையே மதநீர் வழிந்த கறை தெரியும் ஆண் யானையைக் கண்டால், புகைப்பட ஆசையை விட்டுவிட்டு வண்டியைப் பின்னோக்கி நகர்த்துவதே அறிவுடைமை.

முதல் நாள் பூங்காவின் வழிகாட்டியுடன் சென்று, எங்கே எதைப் பார்ப்பது என்று கண்ணைப் பழக்கிக்கொண்டு, மறுநாள் முதல் நீங்களே ஓட்டுவது என் யோசனை. அருகிலுள்ள சாபி சாண்ட் போன்ற தனியார் காப்பகங்களுக்கும் க்ரூகருக்கும் இடையே வேலி கிடையாது. அங்கே வழிகாட்டிகள் சாலையை விட்டு விலகியும் இரவிலும் அழைத்துச் செல்வார்கள். செலவு மட்டும் பல மடங்கு.

கேள்வி: சிறு குழந்தைகளுடன் செல்லலாமா?

பதில்: க்ரூகர் மலேரியாப் பகுதி, மழைக்காலத்தில் அபாயம் கூடும். மருத்துவரைக் கலந்து தடுப்பு மருந்தை முடிவு செய்யுங்கள், அல்லது மலேரியா இல்லாத அட்டோ, பிலானஸ்பெர்க் பூங்காக்களைத் தேர்ந்தெடுங்கள். திறந்த வண்டிப் பயணங்களில் ஆறு வயதுக்குக் குறைந்தவர்களைப் பெரும்பாலும் ஏற்பதில்லை.

கேள்வி: இரண்டே நாட்களில் ‘பெரிய ஐந்து’ விலங்குகளையும் பார்த்துவிட முடியுமா?

பதில்: சாபி சாண்டில் வாய்ப்பு அதிகம். ஆனால் சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை என்ற அந்தப் பட்டியல், நடந்து சென்று சுடுவதற்கு ஆபத்தானவை என்று வேட்டைக்காரர்கள் போட்டது. பார்க்க வருபவருக்கு அது ஏன் அளவுகோலாக வேண்டும்? அந்தக் கணக்கில் காட்டெருமையே இல்லாத எட்டோஷாவும் தோற்றுவிடும். யானை, காண்டாமிருகம், காட்டெருமை மூன்றுமே இல்லாத, தென்னாப்பிரிக்கா–போட்ஸ்வானா எல்லையின் இருபுறமும் பரவிய கலகாடி எல்லைதாண்டிய பூங்காவும், கரும்பிடரிச் சிங்கங்கள் அங்கே இருந்தும், தோற்றுவிடும். இரண்டு நாட்கள்தான் என்றால் ஒரே முகாமில் இரண்டு இரவும் தங்கி, வாயில் திறக்கும்போதே கிளம்பி, வெயில் ஏறியதும் ஒரு நீர்நிலையருகே எஞ்சினை அணைத்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.