ஒட்டுத்துணிப் போர்வை: ஒவ்வொரு தையலுக்கும் இஸ்திரி போட வேண்டுமா?

கடைசியில் மொத்தமாகத் தேய்த்தால் போதாதா என்று கேட்கிறீர்கள். போதாது. ஒரு தையலின் குறுக்கே இன்னொரு தையல் ஓடும் முன் முதலாவது படிந்திருக்க வேண்டும். 2½ அங்குலச் சதுரங்கள் இரண்டை ஓரத்தில் கால் அங்குலம் விட்டுத் தைத்து இணைத்தால் 4½ அங்குலம் வர வேண்டும். மடிப்பு சரியாக விரியாவிட்டால் நூலிழை அளவு குறையும், பத்துச் சதுரம் சேர்வதற்குள் வரிசையே கோணிக்கொள்ளும்.

அதற்காக இருபது முறை எழ வேண்டாம். ஜோடிகளைத் தைத்துக் குவித்துவிட்டு ஒரே மூச்சில் தேய்க்கலாம். முதலில் விரிக்காமல், தைத்தபடியே வைத்து அழுத்துங்கள். பிறகு விரித்து, தையல் விளிம்பை அடர்நிறத் துணியின் பக்கம் சாயுங்கள். நிறம் மாறி மாறி வந்தால் அடுத்த வரிசையில் அது தானாகவே எதிர்ப்பக்கம் சாயும். வரிசைகளை இணைக்கும்போது சந்திப்பில் இரண்டு விளிம்புகளும் கவ்விக்கொள்ளும். வேட்டிக்குத் தேய்ப்பதுபோல் இழுக்காதீர்கள், பெட்டியை வைத்து எடுங்கள். மூலைவாட்டில் வெட்டிய துணி ரப்பராக நீண்டுவிடும்.