நீட் எழுதாமலும் மூளை வேதியியலுக்குப் போகலாம்

கேள்வி: என் மகள் பிளஸ் டூ, பியூர் சயின்ஸ் குரூப். நாள்பட்ட சோர்வு நோயில் மூளை வேதியியல் ஆராய்ச்சிதான் செய்வேன் என்கிறாள். அதற்கு நீட் எழுதியே ஆக வேண்டுமா?
— ஒரு தாய், திருப்பாதிரிப்புலியூர்

வேண்டியதில்லை அம்மா. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் தண்டுவட நீரை, முதுகில் ஊசி போட்டு எடுப்பது மருத்துவர் வேலை. குழாய் ஆய்வகத்துக்கு வந்தபின் அளப்பதை பயோகெமிஸ்ட்ரி படித்தவரே செய்யலாம்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று மகளுக்குத் தெரியட்டும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், தொற்றுக்குப்பின் இந்நோய் வந்த 17 பேரையும் நலமான 21 பேரையும் ஒப்பிட்டார்கள். நோயாளிகளின் தண்டுவட நீரில் டோபமைன், நார்அட்ரினலின் என்ற நரம்புச் செய்தி வேதிப்பொருள்களின் வழியைச் சேர்ந்த சில பொருள்கள் குறைந்திருந்தன. 17 பேர் மிகச் சிறிய எண்ணிக்கை. இதை வைத்து மருந்து சொல்ல முடியாது. இப்பொருள்கள் அறை வெப்பத்தில் எளிதில் ஆக்சிஜனேற்றமாகிச் சிதையும். அதனால் குழாயை உடனே பனிக்கட்டியில் வைத்து, மைனஸ் 80 டிகிரியில் உறைய வைக்க வேண்டும். ஊசி குத்துகையில் ரத்தம் கலந்தாலும் எண் மாறிவிடும். நோயாளி முந்தின நாள் என்ன வேலை செய்தார் என்றும் குறிக்க வேண்டும். இந்நோயில் சிறு உழைப்பின் பாதிப்பு மறுநாள்கூடத் தலைகாட்டும்.

பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி முடித்தால் எம்.எஸ்சி.க்குக் காலாப்பட்டு புதுவைப் பல்கலைக்கழகமும் சிதம்பரம் அண்ணாமலையும் பக்கத்திலேயே இருக்கின்றன. பிறகு சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. பிஎச்.டி.க்கு பெங்களூரு நிம்ஹான்ஸ், மானேசர் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் என்று முயலலாம். மொத்தம் 10 ஆண்டு ஆகும். வீட்டில் இதை இப்போதே பேசிவிடுங்கள்.

எனக்குக் கவலை, குரூப்பில் கணிதம் இல்லாததுதான். நூறு பொருள்களை அளந்து, தற்செயலாக வேறுபாடு தோன்றும் வாய்ப்புக்கு 0.05 (நூற்றுக்கு ஐந்து) என்ற வரம்பு வைத்தால், உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் சுமார் 5 பொருள்கள் வேறுபட்டதாகக் காட்டும். இதைத் திருத்தத் தெரியாதவரின் முடிவு அடுத்த ஆய்வில் நிற்காது. பொதுத்தேர்வு முடிந்த விடுமுறையில் புள்ளியியலும், இலவசமாகக் கிடைக்கும் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளும் தொடங்கட்டும்.

நோயின் பெயரைப் பிடித்துக்கொண்டு வேலை தேடினால் கதவுகள் குறைவு. கலவையிலுள்ள பொருள்களைப் பிரிக்கும் எச்.பி.எல்.சி.யும், அவற்றை நிறையை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியும் கைவந்தால், பார்க்கின்சன் ஆய்வகமும் கூப்பிடும், சிப்காட் மருந்து ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவும் கூப்பிடும். ஆகவே எம்.எஸ்சி. சேருமுன் துறையில் ஒன்றைக் கேளுங்கள்: மாணவர்கள் அந்தக் கருவிகளைத் தாங்களே இயக்கலாமா, இல்லை தள்ளி நின்று வேடிக்கை பார்ப்பதோடு சரியா?