எம்.பி. மீது புகார் வந்தால் சபை என்ன செய்யும்?

கேள்வி: ஒரு எம்.பி. காசு வாங்கிக்கொண்டு சபையில் கேள்வி கேட்டதாகத் தெரிந்தால், சாதாரண வாக்காளர் எங்கே புகார் கொடுப்பது?

பதில்: இதற்காகவே எம்.பி.க்களின் நடத்தையை விசாரிக்கும் நெறிமுறைக் குழு இருக்கிறது. மாநிலங்களவையில் 1997லேயே வந்துவிட்டது, மக்களவையில் 2000ல் தொடங்கி 2015ல்தான் நிரந்தரக் குழுவானது. மக்களவை உறுப்பினர் மீது யார் வேண்டுமானாலும் புகார் சொல்லலாம். ஆனால் அது வேறொரு எம்.பி. வழியாகத்தான் போக வேண்டும், கூடவே பிரமாணப் பத்திரமும் இணைக்க வேண்டும். வெறும் பத்திரிகைச் செய்தியை வைத்து எழுதினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், கோர்ட்டில் நிலுவையில் இருக்கும் விஷயத்தையும் தொட மாட்டார்கள். பொய்ப் புகாரைத் தடுக்கக் கட்டுப்பாடு வேண்டும்தான், ஆனால் உங்கள் தொகுதி எம்.பி. மீதே புகார் என்றால் அதை எடுத்துச் செல்ல இன்னொரு எம்.பி.யைத் தேடி அலைய வேண்டும் என்பது வாக்காளருக்குச் செய்யும் அநியாயம்.

கேள்வி: குழு விசாரித்துத் தப்பு என்று சொன்னால் உடனே பதவி போய்விடுமா?

பதில்: போகாது. குழு பரிந்துரை மட்டும்தான் செய்யும். கண்டனமா, சஸ்பெண்டா, நீக்கமா என்று முடிவெடுப்பது சபை. நீக்கும் அதிகாரம் அரசியல் சட்டத்தில் வெளிப்படையாக எழுதப்படவில்லை, அதனால்தான் 2005ல் பெரிய சர்ச்சை வந்தது. கேள்வி கேட்கப் பணம் வாங்கியது ரகசிய கேமராவில் பதிவாகி, டிசம்பர் 12ல் டி.வி.யில் வந்தது, 23ஆம் தேதி மக்களவையில் 10 பேர், மாநிலங்களவையில் ஒருவர் நீக்கப்பட்டார்கள். சுப்ரீம் கோர்ட் 2007ல் அந்த அதிகாரம் சபைக்கு உண்டு என்றது. அப்புறம் இன்னொன்று, நீக்கப்படுவதும் தகுதி இழப்பும், அதாவது தேர்தலில் நிற்க முடியாமல் போவதும், ஒன்றல்ல. இதே மாதிரி, கேள்வி கேட்கப் பணம் வாங்கினார் என்ற குற்றச்சாட்டில் 2023 டிசம்பரில் நீக்கப்பட்ட திரிணாமூல் காங்கிரஸ் எம்.பி. மஹுவா மொய்த்ரா 2024 தேர்தலில் நின்று ஜெயித்து அதே மக்களவைக்குத் திரும்பினார்.

கேள்வி: அப்படியென்றால் மெஜாரிட்டி இருக்கும் கட்சி, பிடிக்காதவரை வெளியே தள்ளிவிடலாமே?

பதில்: என் பயமும் அதுதான். இங்கே ஒருவரை நீக்கச் சாதாரண பெரும்பான்மை போதும். மொய்த்ரா விஷயத்தில் அறிக்கை தாக்கலான அன்றே விவாதம், அன்றே வாக்கெடுப்பு, அவர் சபையில் பேசவும் அனுமதி கிடைக்கவில்லை. குற்றச்சாட்டு உண்மையோ பொய்யோ, லட்சக்கணக்கானோர் தேர்ந்தெடுத்த ஒருவரை அனுப்பும் முன் அவர் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். அமெரிக்காவில் நீக்க மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், பிரதிநிதிகள் சபையின் நெறிமுறைக் குழுவில் இரு கட்சிக்கும் சம இடம். 2023ல் குடியரசுக் கட்சி உறுப்பினர் ஜார்ஜ் சான்டோஸ் 311க்கு 114 என்ற கணக்கில் நீக்கப்பட்டபோது அவருடைய சொந்தக் கட்சியிலேயே நூற்றுக்கு மேற்பட்டோர் அதற்கு ஓட்டுப் போட்டார்கள். பிரிட்டனில் விசாரிக்கும் குழுவில் எம்.பி.க்களோடு வெளியாட்களும் உட்காருகிறார்கள். 2015ல் வந்த சட்டப்படி, அந்தக் குழு சொல்லி ஒரு எம்.பி.யை 10 அமர்வு நாட்களோ அதற்கு மேலோ சஸ்பெண்ட் செய்தால் விஷயம் தொகுதிக்குப் போகும், அங்கே 10 சதவீத வாக்காளர்கள் கையெழுத்திட்டால் பதவி காலி, இடைத்தேர்தல். அதில் அவரே மறுபடி நிற்கலாம். எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது, ஏனென்றால் கடைசி வார்த்தை ஓட்டுப் போட்டவர்களிடமே இருக்கிறது.

கேள்வி: நடுவில் ராஜினாமா செய்துவிட்டால் தப்பித்துவிடலாமா?

பதில்: 1951ல் எச்.ஜி. முத்கல் என்ற எம்.பி. அதைத்தான் செய்தார். பம்பாய் தங்கம், வெள்ளி வியாபாரிகள் சங்கத்திடம் ஆதாயம் பெற்றார் என்று குழு சொன்னது, நேருவே நீக்கத் தீர்மானம் கொண்டுவந்தார், ஓட்டெடுப்புக்கு முன் முத்கல் ராஜினாமா கொடுத்தார். சபை விடவில்லை, அவர் நீக்கத்துக்கு உரியவர் என்று தீர்மானமே போட்டது. சரி, கிரிமினல் வழக்கு? அது தனி. ஓட்டுக்கோ பேச்சுக்கோ லஞ்சம் வாங்கிய உறுப்பினர், சபை உறுப்பினர்களுக்கு உள்ள சட்டப் பாதுகாப்பைக் காட்டி வழக்கிலிருந்து தப்ப முடியாது என்று 2024 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டின் ஏழு நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்துவிட்டார்கள்.