இரண்டு எக்கோ, இரண்டு வேகம்: அம்மாவின் வால்வு பத்து நாளில் மோசமாகிவிட்டதா?

வணக்கம். வெள்ளவத்தையில் எடுத்த எக்கோவில் (இதயத்தின் ஒலி ஸ்கேன்) அம்மாவின் பெருநாடி வால்வு வழியே இரத்தம் பாயும் வேகம் செக்கனுக்கு 3.4 மீற்றர், பத்து நாள் கழித்து பொரளையில் 4.2 என்று எழுதியிருக்கிறீர்கள். பயம் புரிகிறது. வால்வு இறுகிச் சுருங்கினால் இந்த வேகம் கூடும். ஆனால் வால்வு பத்து நாளில் இவ்வளவு இறுகுவது வழக்கமில்லை. அளந்த கோணம்தான் மாறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

இரத்தத்தின் வேகத்தை ஒலியால் அளக்கும் டொப்ளர் முறையில் ஒலிக்கதிர் இரத்தம் பாயும் திசைக்கு நேராக இருந்தால்தான் முழு வேகமும் பதிவாகும். சாய்ந்தால் குறைத்துத்தான் காட்டும். 20 பாகை சரிந்தால் சுமார் 6 சதவீதம் போகும். 36 பாகை சரிந்தால் உண்மையான 4.2கூட 3.4 ஆகத் தெரியும். அதனால் தெளிவாகப் பதிவான கூடிய அளவைத்தான் பொதுவாக எடுப்பார்கள். சிலருக்கு மார்பின் வலது ஓரத்தில் கருவியை வைத்தால்தான் அந்த உச்சம் கிடைக்கும். அப்படிப் பார்த்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். அரிதாக, இதயத்தின் இன்னொரு வால்வான மைட்ரல் வால்வின் கசிவைத் தவறுதலாக அளந்தாலும் எண் கூடும்.

இந்த வித்தியாசம் சின்னதல்ல. வால்வின் இரு பக்கத்துக்கும் இடையிலான உச்ச அழுத்த வேறுபாடு வேகத்தின் வர்க்கத்தை 4ஆல் பெருக்கி வருவது: 3.4க்கு 46 mmHg, 4.2க்கு 71 mmHg. வேகம் 4 மீற்றரைத் தொட்டாலே கடும் சுருக்கம் என்பார்கள்.

அப்புறம், இரண்டு ரிப்போர்ட்டையும் படங்களோடு ஒரே இருதய வைத்தியரிடம் காட்டுங்கள். வால்வு திறக்கும் பரப்பளவையும் கேளுங்கள். அம்மாவுக்கு மயக்கம், நெஞ்சுவலி, நடக்கும்போது மூச்சு வாங்குதல் இருந்தால் நாள் பார்க்காமல் உடனே கூட்டிப் போங்கள்.