புளூபெரிக்கு அயல் பார்த்து வையுங்கள்

கேள்வி: கொழும்பில் இரண்டு புளூபெரிக் கன்று வாங்கி வந்து, கிணற்றடிப் பாத்தியில் தக்காளிக்கும் கத்தரிக்கும் நடுவில் வைத்தேன். இலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. தக்காளியில் இருந்து நோய் தொற்றிவிட்டதா? பக்கத்தில் எதை வைக்கலாம்?
- வாசகி, உரும்பிராய்

பதில்: நோயில்லை தங்கச்சி, இலைக்கு இரும்பு ஏறவில்லை. மண்ணில் இரும்பு இல்லாமலில்லை, செம்மண்ணின் சிவப்பே அதுதான். ஆனால் எங்கள் நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீரிலும் அது கரைந்து வருகிறது. கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிவதைப் பாருங்கள். புளூபெரிக்கு வேண்டியது அமில மண், பி.எச். (மண்ணின் புளிப்பைக் காட்டும் அளவு, எண் குறைந்தால் புளிப்புக் கூட) 4.5 முதல் 5.5 வரை. சுண்ணாம்பு இந்த எண்ணைக் கூட்டிவிடும். அதைத் தாண்டினால் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது.

தக்காளி, கத்தரி, கோவா மூன்றோடும் ஒரே பாத்தியில் வைக்கவே வேண்டாம். அவற்றுக்குப் பி.எச். 6க்கு மேலே இருந்தால்தான் சுகம். அடுப்புச் சாம்பலும் அள்ளிப் போடுவோமே, அது புளூபெரிக்குக் கூடவே கூடாது. அப்புறம் அதன் வேர் மேல்மண்ணிலேயே நூல் நூலாக ஓடும். கத்தரிக்குக் கொத்தும்போது அறுந்துவிடும்.

இன்றைக்கே பெரிய பிளாஸ்டிக் சாடிகளுக்கு மாற்றுங்கள். வளவு மண் ஒரு பிடிகூட வேண்டாம். கழுவிய தும்புத்தூளும் உக்கிய இலையும் கலந்து, கொஞ்சம் கந்தகத் தூள் சேருங்கள். உரமென்றால் அமோனியம் சல்பேட், அதுவும் ஒரு சிட்டிகை. ஊற்றுவது மழைத்தண்ணீராக இருக்கட்டும். மாரியில் பீலியால் வடிவதைப் பிளாஸ்டிக் பீப்பாயில் பிடித்து வையுங்கள். சீமெந்துத் தொட்டி சரிவராது, சீமெந்திலும் சுண்ணாம்பு இருக்கிறது.

அயலுக்கு என் முதல் தெரிவு அன்னாசி. அதற்கும் இதே புளித்த மண்தான் பிடிக்கும், எங்கள் வெயிலையும் தாங்கும். எக்சோராவையும் (வெட்சி) தனிச்சாடியில் பக்கத்தில் வைக்கலாம். எங்கள் முற்றங்களில் அது மஞ்சளித்து நிற்பதும் பெரும்பாலும் இந்தச் சுண்ணாம்பால்தான். அசேலியா புளூபெரியின் குடும்பமே, ஆனால் யாழ்ப்பாணத்து வெக்கையில் வாடிவிடும். இரண்டு கன்றும் வெவ்வேறு இனமென்றால் அருகருகே வையுங்கள், மகரந்தம் மாறினால் பழம் பெருக்கும்.

பழத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளிர் குறைவாகக் கேட்கும் இனங்களில் பலவற்றுக்கே 7 பாகை செல்சியஸுக்குக் கீழே 150 மணித்தியாலமாவது குளிர் தேவை. புளூபெரியின் குடும்பத்து ரோடோடென்ட்ரன் ஹோட்டன் சமவெளிக் குளிரில் மரமாகவே நிற்கிறது. எங்கள் மார்கழிப் பனி அதற்குக் கிட்டவும் வராது. அதனால் சட்டி நிறையப் பழத்தை எதிர்பார்க்காதீர்கள். வாங்கிய இடத்தில் இனத்தின் பெயரைக் கேட்டு எழுதுங்கள், கவாத்து எப்போது என்று சொல்கிறேன்.