பனி பார்த்துத் திரும்பினால் கால்விரல் வீங்குகிறதே, டாக்டர்?

கேள்வி: ஜப்பானில் செண்டாய் நகரில் முதுகலை படிக்கிறேன், வயது 23. குளிர்கால விடுமுறைகளில் தோழிகளுடன் வெளியூர் போவது வழக்கம். அண்மையில் ஸாவோ மலையில் பனி மூடிய மரங்களைப் பார்த்துவிட்டு, கின்ஸான் ஊரின் வெந்நீர் ஊற்றில் கால் நனைத்து, அப்படியே நடந்து பஸ் பிடித்தோம். மறுநாள் இரண்டு கால்களிலும் விரல்கள் கருஞ்சிவப்பாக வீங்கிவிட்டன. இரவில் போர்வைக்குள் அரிப்பு தாங்கவில்லை. கணுக்காலில் 'கைரோ' சூட்டுப் பையை ஒட்டிக்கொண்டு தூங்கியதில் அங்கே ஒரு கொப்புளம். விரல் அழுகிவிடுமா? பிப்ரவரியில் சப்போரோ பனித் திருவிழாவுக்குப் போகலாமா?

பதில்: விரல் எங்கும் போகாது, நிம்மதியாக இருங்கள். நீங்கள் சொல்வது 'சில்பிளெய்ன்' என்னும் குளிர் வீக்கம்போல் தெரிகிறது. ஜப்பானில் ஷிமோயாகே என்று கேட்டால் மருந்துக்கடைக்காரருக்கும் தெரியும். சதை உறைந்துபோகும் பனிக்கடி வேறு. அதில் விரல் வெளுத்து, மரத்து, மெழுகுபோல் கெட்டியாகிவிடும்; அரிக்காது.

குளிரில் விரல் நுனியின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடுகின்றன. அந்த நிலையில் காலைத் திடீரென்று சூடாக்கினால் ரத்தம் பாய்கிறது. குழாய்கள் அதைச் சமாளிக்க முடியாமல் கசிந்து வீங்குகின்றன. ஊற்று நீர் பெரும்பாலும் 40 டிகிரிக்கு மேல் இருக்கும். விறைத்த காலை நேரே அதில் வைத்தீர்கள். பிறகு ஈரம் போகாமல் காலுறை மாட்டிப் பனியில் நடந்தீர்கள். இதற்குமேல் என்ன வேண்டும்! இந்த வீக்கத்துக்குக் கடுங்குளிர்கூடத் தேவையில்லை. பூஜ்யத்துக்குச் சற்று மேலே, ஈரத்தோடு இருக்கும் குளிரே போதும். செண்டாயின் ஜனவரியும், ஹீட்டரை மிச்சம் பிடிக்கும் மாணவர் அறையும் அப்படித்தானே இருக்கின்றன?

விரல்களைவிட அந்தக் கொப்புளம்தான் எனக்குக் கவலை தருகிறது. கைரோவுக்குள் இருப்பது இரும்புத் தூள். காற்றுப் பட்டு அது துருப்பிடிக்கும்போது சூடு பிறக்கிறது. 44 டிகிரி என்பது தொட்டால் இதமாகவே இருக்கும். ஆனால் ஒரே இடத்தில் ஆறேழு மணி நேரம் படிந்தால் தோல் உள்ளுக்குள் வெந்துவிடும். தூக்கத்தில் வலியும் தெரியாது. மேலே சிறிதாகத் தெரிந்தாலும் இத்தகைய புண் ஆழமானது. கொப்புளத்தை உடைக்காதீர்கள், பற்பசை கிற்பசை தடவாதீர்கள். இந்த வாரமே ஹிஃபுகா எனப்படும் தோல் மருத்துவப் பிரிவில் காட்டுங்கள். தேசிய சுகாதாரக் காப்பீடு இருக்கும். கட்டணத்தில் 30 சதவீதம்தான் உங்கள் பங்கு. ஆறும்வரை பொது வெந்நீர்க் குளியல் வேண்டாம்.

விரல் வீக்கம் இரண்டு மூன்று வாரங்களில் தானாக வடியும். சொறியாதீர்கள், ஹீட்டர் முன்னால் காலை நீட்டாதீர்கள். வைட்டமின் ஈ சேர்ந்த களிம்பு கடைகளில் கிடைக்கும், மெல்லத் தடவலாம். புகைப்பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். வசந்தம் வந்தும் வீக்கம் வடியாவிட்டாலோ, மூட்டு வலி, முகத்தில் தடிப்பு என்று சேர்ந்து வந்தாலோ ரத்தப் பரிசோதனை அவசியம்.

புண் ஆறியபின் சப்போரோவுக்குத் தாராளமாகப் போங்கள். விரல்கள் அசைய இடமுள்ள, நீர் புகாத காலணி வேண்டும். பருத்திக் காலுறை வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கம்பளிதான் சரி. பையில் இன்னொரு ஜோடி வைத்திருந்து, மதியச் சாப்பாட்டின்போது கடையிலேயே மாற்றுங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே பாதித் தொல்லை தீரும். காலணிக்குள் வைப்பதற்கென்று தனி கைரோ விற்கிறார்கள். அதை வெறும் தோலில் ஒட்டக்கூடாது, உறங்கும் முன் எடுத்துவிட வேண்டும். இரவு விடுதிக்குத் திரும்பியதும் காலைத் துடைத்து, உலர்ந்த காலுறையோடு அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். வெந்நீர்த் தொட்டி எங்கும் ஓடிவிடாது.